ஸ்டாக் காரில் சஸ்பென்ஷன் வேலை: விதி எதற்கு இடம் தருகிறது, எதற்குத் தராது

அமெரிக்காவில் பொழுதுபோக்காகக் கார் பந்தயத்தில் இறங்குபவர்களில் பலர் முதலில் போய்ச் சேருவது ஆட்டோகிராஸ் மைதானத்துக்குத்தான். பழைய விமான ஓடுதளத்திலோ காலியான பெரிய வாகன நிறுத்துமிடத்திலோ ரப்பர் கூம்புகளை வைத்து வளைவும் நெளிவுமான பாதையை அமைத்து, ஒவ்வொரு காராக விட்டு, யார் குறைந்த நேரத்தில் முடிக்கிறார்கள் என்று பார்ப்பதே போட்டி. ஒரு கூம்பைத் தட்டினால் ஓடிய நேரத்தோடு 2 விநாடி கூட்டப்படும். 1944இல் தொடங்கிய ஸ்போர்ட்ஸ் கார் கிளப் ஆஃப் அமெரிக்கா, அதாவது எஸ்சிசிஏ, ‘சோலோ’ என்ற பெயரில் நடத்தும் இந்தப் போட்டிகளில், அலுவலகத்துக்கு ஓட்டிச் செல்லும் காரையே கொண்டுவந்து ஓட்டுபவர்களுக்காக ஒரு பிரிவு இருக்கிறது. பல காலம் ‘ஸ்டாக்’ என்று அழைக்கப்பட்ட அந்தப் பிரிவு 2014 முதல் ‘ஸ்ட்ரீட்’ என்று பெயர் மாறிவிட்டது. மைதானத்தில் பழைய ஆட்கள் இன்னும் ஸ்டாக் என்றே சொல்கிறார்கள்.

இந்தப் பிரிவில் சஸ்பென்ஷனில், அதாவது சக்கரங்களைக் காரின் உடலோடு இணைத்து அதிர்வைத் தாங்கும் அமைப்பில், என்ன செய்யலாம், எந்த வரிசையில் செய்தால் பணம் வீணாகாது, எங்கே தெரியாமலேயே விதியை மீறிவிட நேரும் என்பவற்றை இந்தக் கட்டுரை விளக்குகிறது. சோலோ விதிநூலின் 13ஆம் பிரிவுதான் அடிப்படை. விதிநூல் ஆண்டுதோறும் புதிதாக வருகிறது. இடையில் வரும் திருத்தங்கள் ‘ஃபாஸ்ட்டிராக்’ என்னும் மாத அறிவிப்பில் வெளியாகின்றன. ஆகவே, எந்தப் பொருளையும் வாங்குவதற்கு முன் அந்த ஆண்டின் நூலைத் திறந்து அந்தப் பத்தியை ஒருமுறை படித்துவிட வேண்டும். இரண்டு ஆண்டுக்கு முன் நண்பர் செய்த வேலை இந்த ஆண்டும் செல்லும் என்று நம்பி இறங்கக் கூடாது.

அனுமதிப் பட்டியல் என்று படிக்க வேண்டும்

புதிதாக வருபவர்கள் விதிநூலைத் தடைகளின் பட்டியலாகப் படிக்கிறார்கள். ‘புஷ் (மூட்டுகளில் வரும் ரப்பர் உறை) மாற்றக் கூடாது என்று எங்கே எழுதியிருக்கிறது?’ என்று தேடுவது அந்தப் பழக்கத்தால்தான். ஸ்ட்ரீட் பிரிவின் விதி நேர்மாறாக இயங்குகிறது. கார் தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருக்க வேண்டும் என்பதுதான் முதல் விதி. அதற்குக் கீழே வருபவை எல்லாம் அந்த விதிக்குத் தரப்பட்ட விலக்குகள். எழுத்தில் அனுமதி இல்லாத மாற்றம் எதுவாயினும் அது தடைதான். முன்பக்க இரு ஸ்ட்ரட்களின் (ஸ்பிரிங்கும் அதன் ஆட்டத்தை அடக்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூண்கள்) மேல்முனை பொருந்தும் கோபுரங்களை இணைக்கும் கம்பி ஒரு நல்ல உதாரணம். அதைப் பொருத்துவதால் நேரம் குறைகிறதா என்பதே சந்தேகத்துக்குரியது; ஆனாலும் அனுமதிப் பட்டியலில் இல்லாத காரணத்தால் ஸ்ட்ரீட் காரில் அது இருக்கக் கூடாது. வசதிக்கும் அழகுக்கும் செய்யும் மாற்றங்களுக்கு விதியில் இடமுண்டு என்றாலும், அவை காரின் வேகத்தையோ கையாளுமையையோ தொடாதவையாக இருக்க வேண்டும். சஸ்பென்ஷன் பொருளை அந்தக் கதவு வழியாக உள்ளே கொண்டுவர முடியாது.

‘தொழிற்சாலையிலிருந்து வந்தபடி’ என்பதற்கும் வரையறை உண்டு. அமெரிக்காவில் விற்ற அந்த மாடலில், உற்பத்தி வரிசையிலேயே பொருத்தப்பட்டு டீலர் வழியாக வந்த பொருள்தான் கணக்கில் சேரும். ஜப்பானில் மட்டும் விற்ற வகையின் ஸ்பிரிங்கோ, டீலர் கடையில் தனியாகப் பொருத்தித் தரும் ஸ்போர்ட்ஸ் கிட்டோ, அதே நிறுவனத்தின் பெட்டியில் வந்தாலும் இதில் அடங்காது. ஒரே ஆண்டின் ஒரே மாடலில் இரண்டு வகைப் பேக்கேஜ் இருந்தால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறலாம். ஆனால் முழுவதுமாக மாற வேண்டும். 1994ஆம் ஆண்டு மஸ்டா மியாட்டாவின் ‘ஆர்’ பேக்கேஜில் பில்ஸ்டைன் நிறுவனத்தின் ஷாக் அப்சார்பரும் கடினமான ஸ்பிரிங்கும் வந்தன. அந்த ஸ்பிரிங்கை மட்டும் பிடுங்கிச் சாதாரண மியாட்டாவில் போடுவது விதிமீறல்.

தொடக் கூடாதவை

ஸ்பிரிங்கைத் தொடக் கூடாது. வெட்டக் கூடாது, கடினமானதாக மாற்றக் கூடாது, உயரம் குறைந்ததாகவும் மாற்றக் கூடாது. காரின் உயரத்தை மாற்றும் ஏற்பாட்டை உற்பத்தியாளரே வைத்து, அதைச் சாதாரணச் சரிசெய்தல் முறையாக அவரே குறிப்பிட்டிருந்தால் தவிர, உயரத்திலும் கை வைக்க முடியாது. சஸ்பென்ஷன் ஆர்ம்களில் உள்ள ரப்பர் புஷ்களுக்குப் பதிலாகப் பாலியூரித்தேனோ உலோகமோ போடுவதும், அளவு மாறிய ரப்பரைப் போடுவதும் கூடாது.

ஆனால், இந்தத் தடைகளுக்குள்ளேயே நிறைய வேலை இருக்கிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பதினைந்து இருபது ஆண்டு ஓடிய காரின் ரப்பர் வெடித்து, ஸ்பிரிங் தளர்ந்து, உருண்டை மூட்டான பால் ஜாயின்ட்டில் ஆட்டம் விழுந்திருக்கும். அந்தக் காருக்குப் புதிய அசல் புஷ்களையும் புதிய அசல் ஸ்பிரிங்குகளையும் போடுவது முழுக்க விதிக்குட்பட்டது; விலை உயர்ந்த ஷாக் வாங்குவதற்கு முன் செய்ய வேண்டியதும் அதுதான். புஷ் மாற்றும்போது ஒன்றை மறக்கக் கூடாது. ரப்பர் ஒட்டிய புஷ்ஷின் போல்ட்டை, கார் ஜாக்கியில் தொங்கும்போது இறுக்கினால், சக்கரம் தரையில் இறங்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு நிற்கும். சில மாதங்களில் கிழிந்தும்விடும். கார் தன் எடையில் அமர்ந்திருக்கும் உயரத்தில் வைத்துத்தான் கடைசி இறுக்கத்தைக் கொடுக்க வேண்டும்.

சக்கரமும் டயரும்

இவை சஸ்பென்ஷன் தலைப்பில் வராவிட்டாலும் வேகத்தில் பெரும் பங்கு இவற்றுக்குத்தான் என்பதால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சக்கரத்தின் அகலம் அசல் சக்கரத்தின் அகலமாகவே இருக்க வேண்டும். விட்டம் 1 அங்குலம் கூடலாம் அல்லது குறையலாம். ஆஃப்செட், அதாவது சக்கரத்தின் அகல மையத்துக்கும் அது ஹப்பில் (சக்கரம் பொருந்தும் மையப் பகுதியில்) பொருந்தும் பரப்புக்கும் இடையிலான தூரம், இரு பக்கமும் 7 மில்லிமீட்டர் வரை மாறலாம். சக்கரத்துக்கும் ஹப்புக்கும் இடையே ஸ்பேசர் என்னும் தட்டைப் போட்டால் அதையும் சேர்த்தே அந்த 7 மில்லிமீட்டரைக் கணக்கிட வேண்டும். டயரின் பக்கச் சுவரில் உள்ள தேய்மான எண் 200க்குக் குறையக் கூடாது. கையிருப்பு குறைவாக இருந்தால் முதல் பணத்தை டயருக்கே கொடுங்கள். நல்ல டயர் போட்ட பழைய ஷாக் கார், பழைய டயர் போட்ட நல்ல ஷாக் காரை எப்போதும் தோற்கடிக்கும்.

ஷாக் அப்சார்பர்

ஸ்ட்ரீட் பிரிவு தரும் மிகப் பெரிய சுதந்திரம் ஷாக் அப்சார்பரில்தான் இருக்கிறது. எந்த நிறுவனத்தின் ஷாக்கையும் ஸ்ட்ரட்டையும் போடலாம். எண்ணெய் ஷாக் இருந்த இடத்தில் வாயு ஷாக் வரலாம். எண்ணிக்கை, வகை, பொருத்தும் முறை, பொருத்தும் இடம் ஆகியவை மட்டும் மாறக் கூடாது. வெளியிலிருந்து திருகும் சரிசெய்தல் குமிழ்கள் இரண்டுக்கு மேல் இருக்கக் கூடாது. முழுமையாக நீட்டிய ஷாக்கின் நீளம் அசலிலிருந்து 1 அங்குலத்துக்கு மேல் வேறுபடக் கூடாது. மின்னணுக் கட்டுப்பாட்டு ஷாக் இல்லாமல் வந்த காருக்கு அதைப் பொருத்த முடியாது. அப்படி வந்த காரிலிருந்து அதைக் கழற்றிச் சாதாரண ஷாக் போடலாம்.

சிக்கல் இரண்டு இடத்தில் வருகிறது. முதலாவது, ஸ்பிரிங் உட்காரும் தட்டு. சந்தையில் கிடைக்கும் நல்ல ஷாக்குகள் பலவற்றில் உடலில் மரை வெட்டி, ஸ்பிரிங் தட்டை ஏற்றி இறக்க வசதி செய்திருப்பார்கள். அத்தகைய ஷாக்கைப் பயன்படுத்த விதியில் தடையில்லை. ஆனால் ஸ்பிரிங்கைத் தாங்கும் பரப்பு, ஹப்பிலிருந்து பார்த்தால், அசல் ஷாக்கில் எந்த இடத்தில் இருந்ததோ அதே இடத்தில் இருக்க வேண்டும். எனவே பழைய ஷாக்கைக் குப்பையில் போடுவதற்கு முன், அதை மேசைமேல் படுக்கவைத்து, கீழ் போல்ட் துளையின் மையத்திலிருந்து ஸ்பிரிங்கின் கடைசிச் சுற்று அமரும் பரப்பு வரை அளந்து எழுதிக்கொள்ள வேண்டும். தட்டு சரிவாக இருந்தால், சுற்று முடியும் இடத்தில் அளப்பது நல்லது. புதிய ஷாக்கில் தட்டை அதே அளவுக்குத் திருகி, பூட்டு வளையத்தை இறுக்கி, இரண்டின் மீதும் சேர்ந்தாற்போல் ஒரு பெயின்ட் கோடு இழுத்துவிடுங்கள். அதிர்வில் வளையம் நகர்ந்தால் கோடு விலகிக் காட்டிக்கொடுக்கும். அளவுகோலை வைத்தபடி ஒரு படமும் எடுத்து வையுங்கள். பின்னால் யாராவது கேள்வி கேட்டால் அந்தப் படம் பேசும்.

இரண்டாவது, பம்ப் ஸ்டாப். சஸ்பென்ஷன் முழுதாக அமுங்கும்போது உலோகத்தோடு உலோகம் மோதாமல் தடுக்கும் அந்தச் சிறிய நுரைத் துண்டை விதி ஒரு ஸ்பிரிங்காகவே கருதுகிறது, அது சரியும்கூட. தடிமனான நுரைத் துண்டைப் போட்டால், கார் சற்றுச் சாய்ந்ததுமே அது ஸ்பிரிங்கோடு சேர்ந்து சுமையைத் தாங்கத் தொடங்கும். ஸ்பிரிங்கை மாற்றாமலே ஸ்பிரிங்கை மாற்றியது போல் ஆகும். ஆகவே, அசல் ஷாக்கில் எந்த நீளத்தில் பம்ப் ஸ்டாப் முதன்முதலில் தொட்டதோ, அதைவிட முன்கூட்டியே புதிய ஷாக்கில் அது தொடக் கூடாது. வேறு ஷாக்கைப் பொருத்துவதற்காகத் துண்டைக் குறுக்கலாம், பெரிதாக்க முடியாது. பல ஷாக்குகளில் பம்ப் ஸ்டாப் உறைக்குள் மறைந்திருப்பதால், விற்பவரிடம் அந்த நீளத்தைக் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது.

ஷாக்கின் தண்டு பெரிதாக இருந்து மேல் மவுன்ட்டின் துளையில் நுழையாவிட்டால் அந்தத் துளையைத் தேவையான அளவுக்கு மட்டும் பெரிதாக்கலாம். ஷாக்கின் இரு முனையிலும் உள்ள புஷ்ஷுக்கு எந்தப் பொருளையும், உலோகத்தையும்கூட, பயன்படுத்தலாம். மற்ற புஷ்களுக்குக் கிடையாத சலுகை இது. ஆனால் மையம் விலகிய புஷ்ஷைப் போட்டு ஷாக்கின் இடத்தை நகர்த்துவது அனுமதி இல்லை.

விலையைப் பற்றி ஒரு சொல். கோனி நிறுவனத்தின் ஒற்றைக் குமிழ் ஷாக்கே பெரும்பாலானவர்களுக்குப் போதும். ஸ்பிரிங் மென்மையாக இருப்பதால், இடமும் வலமும் மாறி மாறித் திருப்பும்போது கார் மிதந்து தாமதமாக எழுவதைத் தடுப்பதுதான் ஷாக்கின் வேலை. அதற்கு நீளும்போது தரும் தடையைக் கூட்டினாலே பாதி வேலை முடிந்துவிடும். அளவுக்கு மீறிக் கூட்டினால் வேறு தொல்லை வரும். தொடர்ந்து வரும் மேடுகளில் அமுங்கிய சக்கரம் அடுத்த மேட்டுக்குள் திரும்ப இறங்க நேரமில்லாமல் போய், கார் படிப்படியாகக் கீழே அமர்ந்து பம்ப் ஸ்டாப்பின்மீது நின்றுவிடும். வளைவின் நடுவில் ஏனென்று தெரியாமல் பிடிப்பு விட்டுப் போனால் குமிழை இரண்டு சொடுக்கு தளர்த்திப் பாருங்கள்.

ஒரே ஒரு ஆன்ட்டி ரோல் பார்

ஆன்ட்டி ரோல் பார் என்பது வளைவில் கார் சாய்வதைக் குறைக்க இடது, வலது சக்கரங்களை இணைக்கும் கம்பி. முன்பக்கமோ பின்பக்கமோ, ஏதாவது ஒரு ஆன்ட்டி ரோல் பாரை மாற்றலாம், இல்லாத இடத்தில் சேர்க்கலாம், அல்லது கழற்றிவிடலாம். இந்த மூன்றில் ஒன்று, ஒரு முனையில் மட்டும். அந்தப் பாரோடு வரும் பிராக்கெட், இணைப்புக் கம்பி, புஷ் ஆகியவற்றையும் விருப்பப்படி மாற்றிக்கொள்ளலாம். பழைய ஸ்டாக் விதியில் முன்பக்கப் பாரை மட்டுமே தொட முடியும் என்பதால், முன்சக்கர இயக்கக் கார் வைத்திருந்தவர்கள் நெடுங்காலம் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள்.

எந்த முனை என்பதைக் காரின் பிறவிக் குணம்தான் முடிவு செய்ய வேண்டும். பெரும்பாலான முன்சக்கர இயக்கக் கார்கள் ஸ்டியரிங்கைத் திருப்பியும் முன்னே நழுவிக்கொண்டே போகும். வளைவிலிருந்து வெளியே வரும்போது உள்பக்க முன்சக்கரம் சுமை இழந்து சுழலும். பின்பக்கத்தில் தடித்த பார் போட்டால், கார் சாய்வதைத் தடுக்கும் வேலையைப் பின்பக்கம் கூடுதலாக ஏற்றுக்கொள்ளும். முன் சக்கரங்களுக்கிடையே சுமை மாறுவது குறையும். உள்பக்க முன்சக்கரம் தரையைப் பிடிக்கும். பின் உள்சக்கரம் தரையைவிட்டு எழுந்து நிற்பதைப் பார்த்து அஞ்ச வேண்டாம், அந்தச் சக்கரத்துக்கு அங்கே பெரிய வேலை இல்லை.

பின்சக்கர இயக்கக் காரில் கணக்கு வேறு. பின் உள்சக்கரம் எழுந்தால் எஞ்சின் விசை வீணாகச் சுழலும். மியாட்டா போன்ற கார்களில் அனுபவசாலிகள் முன்பக்கப் பாரைத் தடிப்பாக்குவது அதனால்தான். மேலோட்டமாகப் பார்த்தால் அது முன்பக்க நழுவலைக் கூட்ட வேண்டும். ஆனால், மென்மையான ஸ்பிரிங்கில் கார் அதிகம் சாயும்போது வெளிப்பக்க முன் டயர் தன் ஓரத்தின்மீது உருளத் தொடங்கி, கேம்பரை, அதாவது சக்கரத்தின் மேல்பகுதி உள்நோக்கிச் சாயும் கோணத்தை, இழந்துவிடுகிறது. சாய்வைக் குறைத்தால் டயர் நிமிர்ந்து நிற்கிறது. கேம்பரில் கிடைக்கும் ஆதாயம், கூடுதல் சுமை மாற்றத்தால் வரும் நஷ்டத்தைவிடப் பெரிதாகிவிடுகிறது. முன்பக்கம் மக்ஃபர்சன் ஸ்ட்ரட் உள்ள கார்களில் இது இன்னும் தெளிவாகத் தெரியும், ஏனெனில் அந்த வடிவமைப்பில் சக்கரம் அமுங்கும்போது கிடைக்கும் கேம்பர் மிகக் குறைவு.

எவ்வளவு தடிமன் என்பதில் நிதானம் வேண்டும். திடமான பாரின் கடினம் விட்டத்தின் நான்காம் அடுக்கில் உயர்கிறது. 22 மில்லிமீட்டர் பாரை 25 மில்லிமீட்டர் ஆக்கினால், மற்ற அளவுகள் மாறாதபோது, கடினம் ஏறத்தாழ 67 விழுக்காடு கூடிவிடும். கண்ணுக்குத் தெரியாத 3 மில்லிமீட்டர்தான் இவ்வளவும் செய்கிறது. பாரின் கையில் இரண்டு மூன்று துளைகள் உள்ள வகையை வாங்கினால் மென்மையான துளையிலிருந்து தொடங்கலாம்.

பொருத்தும்போது போல்ட்டுக்காகத் துளை போடலாம்; அதற்கு மேல் உடலையோ சட்டத்தையோ வெட்டவும் வளைக்கவும் கூடாது. தடித்த பார் பிராக்கெட்டைப் பிய்த்தெடுக்கும் என்ற கவலையில் இரு பக்கப் பிராக்கெட்டுகளையும் குறுக்குக் கம்பியால் இணைப்பவர்கள் உண்டு. அசலில் இல்லாத அந்தக் குறுக்குக் கம்பியை விதி வெளிப்படையாகத் தடுக்கிறது. பார் தன் வேலையைத் தவிர உடலை இறுக்கும் வேலையையும் செய்யக் கூடாது என்பதே காரணம்.

அலைன்மென்ட்

சக்கரங்களின் கோணங்களைச் சரிசெய்யும் இந்த வேலைக்குச் செலவு குறைவு, பலன் மிகுதி. ஆனாலும் புதியவர்கள் இதைக் கடைசியில்தான் நினைக்கிறார்கள். உற்பத்தியாளர் வைத்த சரிசெய்யும் ஏற்பாட்டின் முழு வீச்சையும் பயன்படுத்தலாம். பொருள்களின் உற்பத்தியில் இயல்பாக இருக்கும் சிறு இடைவெளிகளையும் நமக்குச் சாதகமாகத் திருப்பிக்கொள்ளலாம். உற்பத்தியாளர் பரிந்துரைக்கும் டிகிரி எண்ணுக்குள்ளேயே நிற்க வேண்டும் என்பதில்லை. அந்த மாடலுக்கு அவர் ஷிம் (இடையில் செருகும் மெல்லிய தகடு), சிறப்பு போல்ட், துளையைப் பெரிதாக்கும் முறை ஆகியவற்றை வழங்கியிருந்தால் அவற்றையும் பயன்படுத்தலாம். ஆனால், பட்டறைக் கையேட்டில் எழுதியிருந்தால் ஒழிய எந்தப் பொருளையும் அராவவோ வளைக்கவோ கூடாது. எனவே விதிநூலோடு காரின் பட்டறைக் கையேட்டையும் வாங்கி வைத்துக்கொள்வது இந்தப் பிரிவில் பயனுள்ள முதலீடு.

இயல்பான இடைவெளியைப் பயன்படுத்துவது எப்படி என்பதை ஸ்ட்ரட் காரில் பார்க்கலாம். காரைத் தாங்கிகளில் நிறுத்தி, சக்கரத்தைக் கழற்றி, ஸ்ட்ரட்டின் அடிப்பகுதியை நக்கிளோடு (ஹப்பைத் தாங்கும் உலோகத் துண்டோடு) இணைக்கும் இரண்டு பெரிய போல்ட்களையும் தளர்த்துங்கள். துளைக்கும் போல்ட்டுக்கும் இடையே மயிரிழை ஆட்டம் இருக்கும். ஒருவர் பிரேக் டிஸ்க்கின் மேல்விளிம்பை இரு கைகளாலும் உள்நோக்கி அழுத்திப் பிடிக்க, மற்றவர் கையேட்டில் சொன்ன முறுக்குவிசைக்கு இரண்டையும் இறுக்க வேண்டும். இதில் கிடைப்பது ஒரு டிகிரியின் சிறு பகுதிதான். கேம்பர் போதாத காருக்கு அதுவும் விலைமதிப்புள்ளது. சஸ்பென்ஷனைத் தாங்கும் துணைச் சட்டமான சப்ஃபிரேமின் போல்ட்களைத் தளர்த்தி நகர்த்தினால் ஒரு பக்கம் கூடி மறுபக்கம் குறையும். இரு பக்கமும் சமமில்லாத காரைச் சமப்படுத்த அது உதவும்.

மியாட்டாவின் முதல் இரண்டு தலைமுறைகளில் நான்கு சக்கரத்திலும் மையம் விலகிய போல்ட்கள் இருப்பதால் வேலை எளிது. முன்பக்கத்தில் கேம்பரும் காஸ்டரும் (ஸ்டியரிங் அச்சின் முன்பின் சாய்வு) ஒரே ஜோடி போல்ட்களைப் பகிர்ந்துகொள்கின்றன. காஸ்டரை விட்டுக்கொடுத்தால் எதிர்மறை, அதாவது உள்நோக்கிய, கேம்பர் கூடும். ஸ்ட்ரீட் காரில் நான் கேம்பரின் பக்கமே நிற்பேன். மேலிருந்து பார்க்கும்போது சக்கரங்களின் முன்விளிம்பு உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவான டோவைப் பொறுத்தவரை, முன்பக்கம் சிறிதளவு வெளிநோக்கி வைத்தால் கார் சட்டென்று திரும்பும். நெடுஞ்சாலையில் சற்று அலையும், டயரின் உள்விளிம்பும் வேகமாகத் தேயும். பின்பக்கத்தில் பழகும்வரை நேராகவோ சிறிது உள்நோக்கியோ வைத்திருப்பது பாதுகாப்பு. அலைன்மென்ட் கடையில் உங்கள் எடைக்கு ஈடான மூட்டையை ஓட்டுநர் இருக்கையில் வைத்து அளக்கச் சொல்லுங்கள், பெட்ரோலும் போட்டி நாளில் இருக்கும் அளவே இருக்கட்டும்.

அமைப்பு சரியா என்று மைதானத்தில் பார்க்க ஒரு சாக்பீஸ் போதும். ஓடுவதற்கு முன் டயரின் தோளிலிருந்து பக்கச் சுவர்வரை பட்டையாகத் தீட்டுங்கள். ஓடி வந்ததும் எதுவரை அழிந்திருக்கிறது என்று பாருங்கள். பல டயர்களின் தோளில் அதற்கென்றே சிறிய முக்கோணக் குறி இருக்கும். அழிவு அந்தக் குறியைத் தாண்டிச் சுவரில் இறங்கியிருந்தால், காற்றழுத்தம் போதவில்லை அல்லது கேம்பர் போதவில்லை. முதலில் அழுத்தத்தைக் கூட்டிப் பார்த்து, அப்போதும் அழிந்தால் கேம்பரைக் கவனியுங்கள். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஒரே ஒரு மாற்றம்தான் செய்ய வேண்டும்; ஷாக்கையும் அழுத்தத்தையும் சேர்த்து மாற்றினால் எது உதவியது என்று தெரியாது.

எதிர்ப்பு மனுவும் காகிதங்களும்

உள்ளூர்ப் போட்டிகளில் உங்கள் காருக்கு அடியில் யாரும் படுத்துப் பார்க்கப் போவதில்லை. நெப்ராஸ்காவின் லிங்கன் நகரில் செப்டம்பரில் நடக்கும் தேசியப் போட்டி அப்படியல்ல. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வருகிறார்கள். இரண்டு நாளில் இரண்டு பாதைகள், ஒவ்வொன்றிலும் மூன்று ஓட்டம், இரண்டு பாதைகளின் சிறந்த நேரங்களைக் கூட்டி முடிவு. அங்கே சக போட்டியாளர் எழுத்துமூலம் எதிர்ப்பு மனு கொடுத்தால், ஷாக்கைக் கழற்றிக் காட்ட வேண்டி வரலாம். கழற்றும் செலவுக்கு மனு கொடுத்தவர் பிணைத்தொகை கட்ட வேண்டும். கார் விதிப்படி இருந்தால் அந்தப் பணம் அவருக்குத் திரும்பாது. அசல் ஷாக்கின் அளவு, அளவுகோல் படம், பட்டறைக் கையேட்டின் உரிய பக்கம், ஷாக் செய்தவர் தந்த நீளக் குறிப்பு ஆகியவற்றை ஒரு கோப்பில் போட்டுக் காரிலேயே வைத்திருங்கள்.

ஏற்கெனவே உயரம் குறைக்கும் ஸ்பிரிங் போட்ட காரை வாங்கிவிட்டவர்கள் அசல் ஸ்பிரிங்கைத் தேடுவதற்கு முன் விதிநூலின் 14ஆம் பிரிவைப் படிக்க வேண்டும். ‘ஸ்ட்ரீட் டூரிங்’ என்னும் அந்தப் பிரிவில் ஸ்பிரிங்கும், ஸ்ட்ரட் கோபுரக் கம்பியும், இன்னும் பலவும் அனுமதிக்கப்படுகின்றன. அங்கே போட்டியாளர்களின் கார்களும் அந்த அளவுக்குத் தயாராகி வரும் என்பதால், ஸ்பிரிங் ஒன்றை மட்டும் மாற்றிய கார் அவர்களுக்கு ஈடுகொடுக்காது. பழைய உரிமையாளரிடம் அசல் ஸ்பிரிங் பரணில் கிடக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் கிடக்கும், சும்மாவே கொடுத்துவிடுவார்.